கையொப்பத்தின் கனம்: தொழில்வாழ்வில் காலடி வைக்கும் பொறியியல் மாணவருக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தனது முதலாவது மாணவர் தொகுதியை 2014ஆம் ஆண்டு அனுமதித்தது. நான்காண்டுக் கற்கையை நிறைவுசெய்த பொறியியலாளர்கள் அங்கிருந்து இப்போது தொடர்ச்சியாக வெளியேறி வருகின்றனர். அதே வளாகப் பகுதியில் தொழில்நுட்ப பீடமும், 2016இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இயங்குகின்றன. தெற்கே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டு, தொழில்நுட்பக் கற்கைகளையும் வழங்குகின்றது. போரினால் ஏறத்தாழ முழுமையாகச் சிதைந்துபோன ஒரு நிலப்பரப்பு, இரண்டு தசாப்தங்கள் நிறைவதற்கு முன்னரே பொறியியலாளர்களை உருவாக்கும் நிலமாக மாறியிருப்பது சிறிய விடயமன்று.

இம்மாணவர்கள் கணிதத்திலோ, கணினியிலோ, கட்டமைப்புப் பகுப்பாய்விலோ பின்தங்கியவர்கள் அல்லர். எனினும் பல்கலைக்கழகத்தின் இறுதிப் பரீட்சைக்கும் வேலைத்தளத்தின் முதல் நாளுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. பரீட்சை மண்டபத்தில் தவறான விடை எழுதினால் புள்ளி குறையும். அதனால் பாதிக்கப்படுபவர் எழுதியவர் மாத்திரமே. வேலைத்தளத்தில் தவறான தாளில் கையொப்பமிட்டால் பாதிக்கப்படுபவர் அந்தத் தாளைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர். இவ்வேறுபாட்டை உணர்வதே தொழில்வாண்மையின் முதற்படி. தொழில்வாழ்வில் காலடி வைக்கும் பொறியியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை, வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவங்களோடு இணைத்து இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

தொழில்வாண்மை என்றால் என்ன?

தொழில்வாண்மை என்றதும் பலரது மனதில் எழுவது நேர்த்தியான உடையும், நுனிநாக்கு ஆங்கிலமும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமே. இவை புறத்தோற்றங்கள். ஒருவரது வேலையின் தரத்தை, அவ்வேலையால் பயனடையும் மக்கள் தாமாகச் சோதித்துப் பார்க்க முடியாத நிலையில், அவர்களது நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்துகொள்வதே தொழில்வாண்மை. நோயாளிக்கு மருந்தின் இரசாயனம் தெரியாது. வைத்தியரை நம்பியே விழுங்குகின்றார். பாலத்தின் மீது செல்லும் பேருந்துப் பயணிக்கு அதன் அத்திவாரத்தின் ஆழம் தெரியாது. முகம் தெரியாத பொறியியலாளரை நம்பியே கடந்து செல்கின்றார்.

இந்த நம்பிக்கைக்கு எமது நாட்டில் நிறுவன வடிவமும் சட்ட வடிவமும் உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1906இல் தோன்றிய சங்கமொன்றிலிருந்து வளர்ந்து, 1968ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. 2014இல் இந்நிறுவகம் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. இதனால் அது அங்கீகரிக்கும் இலங்கைப் பட்டங்களை உடன்படிக்கையில் இணைந்த ஏனைய நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் ஏற்றுக்கொள்ளும் வழி திறந்தது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம், பட்டயப் பொறியியலாளர் முதல் தொழில்நுட்பவியலாளர் வரை பொறியியல் தொழில் புரிவோர் அனைவரும் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆகவே பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு கடமை முடிவதில்லை. பதிவு, மேற்பார்வையின் கீழான அனுபவம், தொழில்வாண்மை மதிப்பீடு, ஒழுக்கக் கோவை என நீளும் பாதையின் தொடக்கமே பட்டம்.

உலகெங்குமுள்ள பொறியியல் ஒழுக்கக் கோவைகளை எடுத்து நோக்கினால் அவற்றின் சாரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பொதுமக்களின் பாதுகாப்பே முதன்மையானது. தனக்குத் தகைமையுள்ள வேலையை மாத்திரம் ஏற்கவேண்டும். உண்மையை மாத்திரம் அறிக்கையிட வேண்டும். வேலை தந்தவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். இவற்றின் வரிசை முக்கியமானது. வேலை தந்தவர் மீதான விசுவாசம், பொதுமக்களின் பாதுகாப்புக்குப் பின்னரே வருகின்றது.

ஒரு முன்னோடியின் நினைவு

அறிவியல் நகரின் இன்றைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைவுகூராதிருக்க முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மண்பொறியியலில் ஆய்வு செய்த அவர், ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994இல் மறையும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். அவரது பதவிக்காலத்தில், 1990இல், விவசாய பீடம் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டது. போர் அதனை இடம்பெயரச் செய்தது. பல ஆண்டுகளின் பின்னரே அது தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் எதிலும் அமர்ந்திருக்கக்கூடிய ஒருவர், எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் துணைவேந்தராக இருந்துகொண்டே சைக்கிளில் பணிக்குச் சென்றதை மூத்த தலைமுறையினர் இன்றும் சொல்வர். இதனை எளிமையின் கதையாக மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது போதாது. பதவி தரும் வசதி கிடைக்காதபோதும் பதவியின் கடமை குறைவதில்லை என்பதற்கு அது சான்று. வாகனம் தரப்படவில்லை, குளிரூட்டிய அறை இல்லை, இணைய இணைப்பு சீரில்லை என முதல் மாதத்திலேயே முறையிடும் இளையோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

குளத்து நிலத்தின் பாடம்

வன்னி குளங்களின் நாடு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், பாவற்குளம் எனப் பெருங்குளங்களும் எண்ணற்ற சிறு குளங்களும் இந்நிலத்தின் உயிர்நாடிகள். பொறியியலாளர் ஒருவரின் நடத்தை எத்தனை பேரின் வாழ்வைத் தொடுகின்றது என்பதை விளக்குவதற்கு இவற்றை விடச் சிறந்த பாடநூல் இல்லை.

கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இரணைமடு, வடக்கின் மிகப்பெரிய நீர்ப்பாசனக் குளமாகும். அண்மைய புனரமைப்பின் மூலம் அதன் கொள்ளளவு உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பரில் பெய்த அடைமழையின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சமடைந்தனர். வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, திறக்கப்பட்ட வேளை சரியானதா, கீழ்ப்பகுதி மக்களுக்கு உரிய வேளையில் அறிவித்தல் சென்றடைந்ததா என்ற கேள்விகள் அப்போது பொதுவெளியில் பலமாக எழுந்தன. எவர் மீதும் தீர்ப்புச் சொல்வது எமது நோக்கமன்று. வெள்ளம் வடிந்த பின்னர் மக்கள் கேட்பது நேரத்தை என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். எத்தனை மணிக்கு நீர்மட்டம் எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்கு யார் யாருக்குத் தொலைபேசி எடுத்தார், எத்தனை மணிக்கு எக்கதவு எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பவற்றுக்கான விடை, ஒரு பதிவேட்டில் அவ்வப்போதே எழுதப்பட்டிருந்தால் மாத்திரமே நேர்மையாகக் கடமை செய்த உத்தியோகத்தரையும் அது காப்பாற்றும்.

குளக்கட்டு உடைந்தால் நேர்வது என்ன என்பதையும் இந்நாடு கண்டிருக்கின்றது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை, திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. உறக்கத்திலிருந்த 120க்கும் அதிகமான மக்கள் உயிரிழந்தனர். அணைகள் பொதுவாக ஒரே இரவில் வலுவிழப்பவை அல்ல. கசிவு, தாழ்வு, வெடிப்பு, கட்டின் மீது வளரும் மரம், எலிப்பொந்து எனச் சிறு அறிகுறிகளைக் காட்டிய பின்னரே பெரும்பாலும் அவை உடைகின்றன. அந்த அறிகுறியை முதலில் காண்பவர் பெரும்பாலும் பொறியியலாளராக இருக்கமாட்டார். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் தொழிலாளியாகவோ, கட்டோரமாக மாடு சாய்த்துச் செல்லும் கமக்காரராகவோ இருப்பார். அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் இளம் பொறியியலாளரே நல்ல பொறியியலாளர் ஆவார்.

மக்களைக் கேட்பது தொழில்வாண்மையின் ஓர் அங்கம் என்பதற்கு இரணைமடுவே மற்றுமோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடனான யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தின் ஆரம்ப வடிவம், இரணைமடு நீரைக் குடாநாட்டின் குடிநீர்த் தேவைக்குக் கொண்டுசெல்வதாக அமைந்தது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் தமது பயிர்ச்செய்கைக்கான நீர் குறைந்துவிடும் என அஞ்சி எதிர்த்தனர். நீண்ட வாதப்பிரதிவாதங்களின் பின்னர், கடல்நீரை நன்னீராக்கும் மாற்று வழி தெரிவுசெய்யப்பட்டு, தாழையடியில் அமைக்கப்பட்ட நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. இரு தரப்பினரது தேவையும் உண்மையானது. தாகத்துக்கும் நெல்லுக்கும் இடையில் எதனைப் பெரிதென்று கூறுவது? நீரின் கன அளவைக் கணக்கிட்டுக் காட்டுவதோடு பொறியியலாளரின் பணி முடிவதில்லை. எந்தக் கணக்கும், அதனால் பாதிக்கப்படுவோருக்கு அவர்களது மொழியில் பொறுமையாக விளக்கப்பட்ட பின்னரே திட்டமாக வேண்டும்.

முற்றத்தில் நிற்கும் அதிகாரி

போரின் பின்னர் வன்னியில் நிகழ்ந்த மிகப்பெரிய கட்டுமானப் பணி வீடமைப்பாகும். இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டத்தின் பெரும்பகுதி, வீட்டு உரிமையாளர் தாமே பொறுப்பேற்றுக் கட்டும் முறையில் 2012இலிருந்து நடைமுறைப்படுத்தப்பட்டது. புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா உதவியாக வழங்கப்பட்டது. இப்பணம் ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் நிறைவடைந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை வங்கிக்கு வரும்.

இந்த நடைமுறையில் இளம் உத்தியோகத்தரின் கையொப்பம் எத்தகைய பலம் வாய்ந்தது என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கணவனை இழந்த பெண்ணொருவர் தகரக் கொட்டிலில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு அரைச்சுவர் எழுப்பியிருப்பார். மாரிமழைக்கு முன்னர் கூரை போடவேண்டும் என்பது அவரது தவிப்பு. வருவதாகச் சொன்ன திகதியில் உத்தியோகத்தர் வராமல் விட்டால், மேசனுக்குக் கொடுக்கக் காசில்லாமல் வேலை நின்றுபோகும். வட்டிக்குக் கடன் பெருகும். மறுபுறம், இரக்கப்பட்டோ அவசரப்பட்டோ குறைபாடுள்ள வளைக்கட்டையோ தரமற்ற கல்லையோ கண்டும் காணாமல் கையொப்பமிட்டால், அடுத்த தலைமுறை குடியிருக்கவேண்டிய வீடு சில ஆண்டுகளில் வெடித்துவிடும்.

இரண்டு தவறுகளுக்கும் மருந்து ஒன்றே: சொன்ன நாளில் சென்று, கண்டதைக் கண்டபடி எழுதி, குறையிருந்தால் அதை எவ்வாறு திருத்தலாம் என்பதையும் அங்கேயே விளக்கிச் சொல்லிவிட்டு வருவது. கண்டிப்பும் கனிவும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. முற்றத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் தரும் அந்த அம்மாவிடம், குறைபாட்டை மரியாதையோடு எடுத்துச் சொல்லத் தெரிவதும் பொறியியல் திறனே.

வேலைத்தளத்தில் நடத்தை

பட்டம் பெற்று வரும் ஒருவருக்கு வயது 25 அளவில் இருக்கும். அவருக்குக் கீழ் வேலை செய்யும் ஓவசியருக்கு அனுபவமே 25 ஆண்டுகள் இருக்கும். மேசனும் கம்பி வளைப்பவரும் அவருடைய தந்தையின் வயதினராக இருப்பர். இந்நிலையில் பதவியை வைத்து "நீ", "வா", "போ" என ஒருமையில் அழைப்பது, கல்வி தந்த பண்பு அன்று. எமது ஊர்களில் மூத்த தொழிலாளியை "அண்ணை" என்றும் "ஐயா" என்றும் அழைப்பதே வழக்கம். அவ்வாறு அழைப்பதனால் பொறியியலாளரின் அதிகாரம் தேய்ந்துவிடாது. அனுபவசாலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் குறைவன்று. ஆனால் "நாங்கள் இப்படித்தான் காலங்காலமாகக் கட்டுகிறோம்" என்ற பதில், வரைபடத்தை மீறுவதற்கு நியாயமாகாது என்பதையும் உறுதியோடு கூற வேண்டும். கேட்பதில் பணிவு, முடிவில் உறுதி என்பதே தளத்தின் இலக்கணம்.

தளக் குறிப்பேடு அடுத்த முக்கிய விடயம். தொழிற்பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் நாளாந்தம் நிரப்ப வேண்டிய பயிற்சிப் பதிவேட்டைப் பலர் கடைசி வாரத்தில் ஒன்றாக உட்கார்ந்து எழுதி முடிப்பதுண்டு. இது சிறு விளையாட்டுப் போலத் தோன்றினாலும், நடக்காத நாளில் நடந்ததாக எழுதும் பழக்கத்துக்கு அதுவே அரிச்சுவடி. காலநிலை, வந்த தொழிலாளர் தொகை, இறங்கிய சீமெந்துப் பைகள், வார்த்த கொங்கிறீற்றின் அளவு, கொடுத்த அறிவுறுத்தல், அதனைப் பெற்றவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். எழுதியதை அழிக்காது, பிழையானால் ஒரு கோட்டால் வெட்டித் திகதியிட்டுக் கையொப்பமிட வேண்டும்.

சோதனை முடிவுகளைப் புனைவது பொறியியலாளர் செய்யக்கூடிய மிகப்பெரிய துரோகம். கொங்கிறீற்று வார்க்கும்போது எடுக்கப்படும் மாதிரிக் கட்டிகளை 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நெரித்து வலிமையைப் பார்ப்பது வழமை. தளத்தில் கலந்தது ஒரு கலவை, ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது தனியாகக் கூட்டிய வேறொரு கலவை என்றால், அந்த அறிக்கை வெறும் தாள். வீதிக்குக் கிரவல் இறுக்கும்போதும், குளக்கட்டுக்கு மண் நிரப்பும்போதும் இதே விதி பொருந்தும். தோல்வியடைந்த சோதனை முடிவைக் கோவையில் வைத்திருப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு இல்லாதவர் சோதனை செய்யாமலே இருந்துவிடலாம். மக்களுக்குப் பொய்யான நம்பிக்கையாவது ஏற்படாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தலைக்கவசமும் பாதணியும் முதலில் பொறியியலாளரின் தலையிலும் காலிலும் இருக்க வேண்டும். தான் செருப்போடு நின்றுகொண்டு தொழிலாளியைக் கண்டிப்பவரை எவரும் மதிக்கமாட்டார்கள். வன்னிக்கு இன்னொரு தனி எச்சரிக்கையும் உண்டு. கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் இம்மண்ணில் கண்டெடுக்கப்பட்டு வந்துள்ளன. அகழ்வு தொடங்குமுன் அந்நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்டதா எனக் கேட்டறிவதும், சந்தேகத்துக்குரிய பொருள் எதுவும் தென்பட்டால் வேலையை உடனே நிறுத்தி, எவரையும் தொடவிடாது, உரிய தரப்புக்கு அறிவிப்பதும் தவிர்க்க முடியாத கடமை. வேலை முடிக்கவேண்டிய திகதி நெருங்குகின்றது என்ற காரணம் இங்கு செல்லுபடியாகாது.

கந்தோர் ஒழுக்கம்

நேரந்தவறாமை பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. வரமுடியாது போனால் முன்கூட்டியே அறிவிப்பது அதன் மறுபாதி. காலை எட்டு மணிக்குக் கொங்கிறீற்று வார்ப்பதற்கு 20 தொழிலாளர்கள் காத்திருக்க, அனுமதி வழங்க வேண்டியவர் பத்து மணிக்கு வந்தால், வீணானது 20 பேரின் இரண்டு மணித்தியாலங்கள். அவர்களில் நாட்கூலி பெறுவோர் இருப்பின் அது அவர்களது சோறு.

எழுத்துத் தொடர்பும் கவனிப்புக்குரியது. வாய்மொழியாகக் கொடுக்கப்பட்ட முக்கிய அறிவுறுத்தலை அன்றே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ உறுதிப்படுத்திக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வட்ஸ்அப் குழுவில் பெருவிரல் அடையாளம் இடுவது அனுமதியாகாது. தளத்தின் படங்களையும் நிறுவனத்தின் வரைபடங்களையும் முகநூலில் பகிர்வது இரகசியம் பேணும் கடமைக்கு மாறானது. அதேவேளை, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பின்னர், அரச நிறுவனமொன்றின் கோவையில் எழுதப்படும் குறிப்பைப் பொதுமகன் ஒருவர் கேட்டுப் பெறக்கூடும் என்பதையும் மனதில் இருத்த வேண்டும். நாளை வெளிச்சத்தில் வாசிக்கப்பட்டாலும் வெட்கப்படத் தேவையற்ற வகையில் எழுதுவதே நல்ல வழி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவியல் நகரில் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகக் கற்கின்றனர், கற்கைமொழி ஆங்கிலம். பரீட்சைக்கு ஆங்கிலம் போதுமாயினும், வேலைத்தளத்தில் அது போதாது. முல்லைத்தீவுக் கமக்காரரோடு பேசுவதற்கு அனுராதபுரத்து இளைஞருக்குத் தமிழும், பொலனறுவையில் நியமனம் பெறும் கிளிநொச்சி இளைஞருக்குச் சிங்களமும் வேண்டும். அரசசேவையில் இது விதியாகவும் உள்ளது. விடுதி அறையில் நான்காண்டுகள் அருகருகே இருந்தும் மற்றவரது மொழியில் பத்து வசனங்கள் பேசக் கற்காமல் வெளியேறுவது, கையருகே இருந்த செல்வத்தைத் தவறவிடுவதாகும்.

பெண் பொறியியலாளர்கள் தளப்பணிக்குப் பொருந்தமாட்டார்கள் என்ற பழைய எண்ணம் இன்னமும் சில இடங்களில் உள்ளது. அவர்களை வரைபட அறைக்குள் ஒதுக்குவதும், அவர்கள் கொடுக்கும் அறிவுறுத்தலை இன்னொரு ஆணிடம் கேட்டு உறுதிப்படுத்துவதும் தொழில்வாண்மைக்கு இழுக்கு. பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாக்கப்பட்டுள்ளது. தளத்தில் பெண்களுக்கெனத் தனி மலசலகூடம் இருக்கிறதா என்று ஆண் பொறியியலாளரும் கேட்பதே சக ஊழியரின் கடமை.

"முடியாது" என்று சொல்வது எப்படி?

இளம் பொறியியலாளருக்கு மிகக் கடினமான சொல் "முடியாது" என்பதே. மேலதிகாரி, ஒப்பந்தகாரர், அரசியல்வாதி, உறவினர் எனப் பல திசைகளிலிருந்தும் அழுத்தம் வரும். முதலில் வருவது பெரிய இலஞ்சமாக இராது. மதியச் சாப்பாடு, வாகன வசதி, பெருநாள் பரிசு, கைத்தொலைபேசி என அது படிப்படியாக வளரும். பில்லில் கையொப்பமிடும் நாளில்தான் அவை யாவும் கடனாக நினைவூட்டப்படும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இலஞ்சம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாகவே கருதுகின்றது. முதற் பரிசை மறுப்பது இலகு. ஐந்தாவதை மறுப்பது மிகக் கடினம்.

அவதானமின்றி இடும் கையொப்பமும் இலஞ்சத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1981 ஜூலை 17ஆம் திகதி ஹயட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் இடிந்து வீழ்ந்து 114 பேர் மாண்டனர். தொங்கு கம்பிகள் இணைக்கப்படும் முறையில் செய்யப்பட்ட சிறு மாற்றமொன்று, கணக்கிட்டுப் பார்க்கப்படாமலே அங்கீகரிக்கப்பட்டிருந்தது. பொறுப்பான பொறியியலாளர்கள் தமது தொழில் அனுமதியை இழந்தனர்.

கந்தளாய் அணை உடைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1986 ஜனவரி 28ஆம் திகதி, சலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் உயிரிழந்தனர். கடுங்குளிரில் உந்துகலத்தின் இறப்பர் வளையங்கள் சரியாக இயங்காது என ரொஜர் பொய்ஸ்ஜோலி உள்ளிட்ட பொறியியலாளர்கள் முதல் நாளிரவே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். நிர்வாகம் அதனை ஏற்கவில்லை. அவர்களது எச்சரிக்கை உயிர்களைக் காக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அது எழுத்திலும் சாட்சியத்திலும் இருந்தபடியாலேயே பின்னர் உண்மை வெளிவந்தது. உந்துகலத்தின் வடிவமைப்பும் திருத்தப்பட்டது.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நேரில், தனியாக, மரியாதையோடு காரணத்தைச் சொல்ல வேண்டும். அக்காரணம் விருப்பு வெறுப்பாக இராது, அளவீடாகவும் விதியாகவும் இருக்க வேண்டும். மாற்று வழியொன்றையும் கூடவே முன்வைக்க வேண்டும். ஏற்கப்படாவிடின் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பின்னரும் மக்களின் உயிருக்கு ஆபத்தெனில் அடுத்த நிலை அதிகாரியையோ தொழில்சார் அமைப்பையோ நாட வேண்டும். எந்நிலையிலும் தான் ஏற்காத தாளில் கையொப்பமிடலாகாது. கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்வதும், முகநூலில் திட்டித் தீர்ப்பதும் மறுப்பாகாது.

கனடாவில் பொறியியல் பட்டதாரிகள் தமது சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் ஒன்றை அணியும் மரபு 1925இல் தொடங்கியது. எழுதும் கையின் விரலில் அணியப்படும் அம்மோதிரம், ஒவ்வொரு முறையும் கையொப்பமிடும்போது தாளில் உரசிப் பொறுப்பை நினைவூட்டும். 1907இல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்த துயரம் அந்நாட்டுப் பொறியியலாளரின் நினைவில் ஆழப் பதிந்த ஒன்று. எமக்கு மோதிரம் இல்லை, கந்தளாய் இருக்கின்றது.

உரிமைகளையும் அறிந்திருத்தல்

கடமையை மாத்திரம் போதித்து உரிமையைச் சொல்லாதுவிடுவது நேர்மையாகாது. நியமனக் கடிதமின்றி வேலையில் சேரக்கூடாது. பதவி, சம்பளம், தகுதிகாண் காலம், வேலைநேரம், விலகுவதற்கான அறிவித்தல் காலம் ஆகியன அதில் தெளிவாக இருக்க வேண்டும். தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து குறைந்தது 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும். "பயிற்சி" என்ற பெயரில் பட்டதாரிகளைச் சம்பளமின்றி மாதக்கணக்கில் வேலைவாங்குவதும், மூத்த பொறியியலாளர் எவரும் இல்லாத தளத்தில் புதியவரைத் தனித்து நிறுத்திப் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் சுமத்துவதும் நிறுவனங்களின் ஒழுக்கக்கேடு. மேற்பார்வை கேட்பது இயலாமையின் அடையாளமன்று. அது புதியவரின் உரிமை.

2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் பொறியியலாளர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். போகிறவர்களைக் குறைகூறும் தகுதி எவருக்கும் இல்லை. குடும்பச் சுமை அவரவர்க்கே தெரியும். செல்பவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது, ஒப்பந்த காலத்தை மதித்து, கோவைகளை ஒழுங்காக ஒப்படைத்து, அடுத்தவர் வேலையைத் தொடரக்கூடிய விதத்தில் விடைபெறுவதை மாத்திரமே. சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோவது, பின்னால் அதே பீடத்திலிருந்து வருவோரின் வாய்ப்பையும் கெடுக்கும்.

யாருடைய பொறுப்பு?

தொழில்வாண்மை என்பது இறுதியாண்டில் நடத்தப்படும் ஒருநாள் செயலமர்வில் கற்பிக்கப்படுவதன்று. பார்த்தெழுதிய ஒப்படையை ஏற்கும் விரிவுரையாளரும், பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டாமலே ஒப்பமிடும் மேற்பார்வையாளரும் அதற்கு எதிரான பாடத்தையே கற்பிக்கின்றனர். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே நிறைவேற்றப்பட்டும் அக்கொடுமை முற்றாக ஒழியவில்லை. புதுமுக மாணவரை இழிவுபடுத்தி மகிழ்ந்த ஒருவர், நாளை தன் கீழுள்ள தொழிலாளியை மனிதராக நடத்துவார் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

பல்கலைக்கழகங்களுக்கு நாம் முன்வைக்கும் யோசனைகள் எளியவை. கந்தளாய், இரணைமடு போன்ற எமது சொந்த அனுபவங்களைப் பாடவிதானத்தில் சேர்க்கலாம். ஓய்வுபெற்ற நீர்ப்பாசன, வீதி, கட்டடப் பொறியியலாளர்களை மாணவர்களோடு உரையாட அழைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு போகமாவது கமக்காரர் அமைப்பின் கூட்டங்களில் அமர்ந்து, பேசாமல் கேட்டுவிட்டு வரலாம். திணைக்களங்களும் நிறுவனங்களும் புதியவர் ஒவ்வொருவருக்கும் முதல் ஆண்டில் பெயர் குறித்த ஒரு மூத்த வழிகாட்டியை நியமிக்கலாம். இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை.

வன்னி மக்கள் ஒரே தலைமுறைக்குள் வீட்டையும் வீதியையும் குளத்தையும் இழந்து, அவற்றைத் திரும்பவும் கட்டியெழுப்பியவர்கள். இன்னொரு முறை இழப்பதற்கு அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. அறிவியல் நகரிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொறியியலாளரும் கையொப்பமிடும் தாளின் மறுபுறத்தில் இவர்களில் ஒரு குடும்பம் இருக்கின்றது. அத்தாளை முழுமையாக வாசித்து, தளத்தில் நேரில் பார்த்து, உண்மையென்று அறிந்த பின்னரே எழுதுகோலைத் திறப்பவர், எந்த நாட்டில் எந்த நிறுவனத்தில் பணிபுரிந்தாலும் இந்த மண்ணுக்குப் பெருமை சேர்ப்பார்.